கம்சிகா வந்த செலவு

நெடுந்தீவு கிழக்கு,
ஞாயிற்றுக்கிழமை.

என்ர பரன்குஞ்சுக்கு,

நான் சுகம், உங்கட சுகத்தையும் அறியத் தரவும் எண்டு கை தன்பாட்டிலை எழுதிப்போட்டுது. பிறகு வெட்டினனான். உங்கட ஆண்டுத்திவசம் முடிஞ்சு மூண்டு மாசம். கடிதத்திலை எண்டாலும் இந்தப் பேரைச் சொல்லுவம், இனி ஆர் கேட்டுச் சிரிக்கப்போகினம்.

பிள்ளை வந்திட்டாள். பேர் கம்சிகா, வயசு மூண்டு. இப்பத்தான் எனக்கு மூச்சு வருகுது. பிள்ளைக்கெண்டு ஒருத்தரும் ஒரு சதம் கேக்கேல்லை, ஓடின ஓட்டந்தான் செலவு. ஒன்பது வரியமா "பாப்பம், பாப்பம்" எண்டுபோட்டு, ஒருநாள் வாய் திறக்காமல் கையெழுத்து வைச்சியளே, அந்தத் தத்தெடுக்கிற படிவம் நீங்கள் போனதோடை சரிவராதாம், தனிப் பொம்பிளையா முதல்லையிருந்து போடட்டாம். படகு, பஸ், ஜட்ஜையாவின்ர கோடு, பொலிஸ் றிப்போட், ஒரு கடதாசி குறைஞ்சா ஒருநாள் போச்சு, கடல் அடிச்சா ரெண்டு நாள். உங்கட மோட்டச்சைக்கிளை வித்திட்டன். கோவிக்காதேங்கோ. அதிலை ஒருத்தரையும் ஏத்தாத மனிசன், இப்ப ஒரு பிள்ளையை ஏத்திக்கொண்டு வந்திருக்கிறியள்.

பிறகு வீடு பாக்கச் சிறுவர் கந்தோர் மிஸ் வாறா எண்டு கடிதம். தனி மனிசி, வெறும் வீடு, பிள்ளை தரமாட்டினம் எண்டு நான் அழ, பக்கத்து வீட்டுச் சிவயோகமக்கா தன்ர பிரிட்ஜைத் தூக்குவிச்சுக் கொண்டந்தா, பஸ்ரியாம்பிள்ளையண்ணை ரீவியும் ரெண்டு கதிரையும், நிரோஜினி ரீச்சர் ஒரு அலுமாரி புத்தகம், எல்லாம் இங்கிலிஸ். மிஸ் படகிலை சத்தி எடுத்துக் களைச்சு வந்து குளிர்தண்ணி கேட்டா. நான் பெருமையாப் பிரிட்ஜைத் திறந்தா உள்ளுக்கை கிளாசிலை ஒரு பல்செற், சிவயோகமக்காவின்ர மனிசன்ரை.

"இது ஆற்றை?" எண்டா.

"என்ர இவற்றை," எண்டிட்டன்.

"அவர் செத்திட்டார் எண்டெல்லோ படிவத்திலை கிடக்கு?"

"ஓம் மிஸ். ஞாபகத்துக்கு வைச்சிருக்கிறன்."

முப்பத்திரண்டு பல்லோடையும் போன மனிசனுக்கு இப்பிடி ஒரு பழி, மன்னியுங்கோ. அந்த நேரம் பாத்துப் பல்லுக்காரன் பொக்கை வாயோடை வாசல்லை வந்து நிண்டு, தன்ர பல்லுக் கிடக்கோ எண்டு கேட்டார். எல்லாம் முடிஞ்சுது எண்டு நான் குசினிக்கை போய்க் குந்தீட்டன். மிஸ் வந்து பக்கத்திலை இருந்தா. பிரிட்ஜுக்கு வயரே கொழுவேல்லையாம், திறக்கேக்கையே கண்டவவாம்.

"ஒரு பிள்ளைக்காகப் பல்லையும் இரவல் குடுக்கிற அயல் எண்டு எழுதிறன் அம்மா," எண்டா.

சாமானெல்லாம் திருப்பிக் குடுத்தாச்சு. ஒரு கதிரையை மட்டும் பஸ்ரியாம்பிள்ளையண்ணை வேண்டாமெண்டிட்டார். பிள்ளை அதிலை ஏறி நிண்டுதான் உங்கட படத்தைத் தடவுறவள். இனிச் செலவில்லை, கோட்டு வாசல் மிதிக்கமாட்டன், படகிலை கால் வைக்கமாட்டன். நிம்மதியா இருங்கோ. பிள்ளையும் நானும் உங்களைக் கும்பிட்டுக்கொள்ளுறம்.

இப்படிக்கு,
உங்கட பைரவி

பி.கு.: மிஸ் நேற்று ரெலிபோன் எடுத்தவ. கம்சிகாவுக்கு அஞ்சு வயசிலை ஒரு அக்கா வேற சிறுவர் இல்லத்திலை இருக்கிறாளாம், இப்பத்தான் தெரிய வந்ததாம். நாளைக் காலமைப் படகுக்குச் சீலை மினுக்கி வைச்சிட்டன். சிவயோகமக்காட்டைப் பிரிட்ஜும் கேட்டிட்டன், பல்லில்லாமல். நீங்கள் இருந்தா என்ன சொல்லுவியள், ஓமோ, பாப்பமோ?