மருந்தட்டையில் கட்டிய தெரு

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் யாருக்கு என்ன வியாதி என்று முழுவதும் தெரிந்த ஒரே ஆள் டாக்டர் இல்லை; அரை டிரைவர்தான். யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கொதிப்பு, யார் மாத்திரையை முழுங்கிவிட்டேன் என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக வீசுகிறார்கள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் யாருக்கும் நாடி பிடித்துப் பார்த்ததில்லை. எங்கள் குப்பைக் கூடைகளைப் பார்த்தார், அவ்வளவுதான்.

ஆள் ஆறடி. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தனியாகக் குடியிருந்தார். நிலை இடிக்காமல் உள்ளே போகக் கழுத்தை மடக்க வேண்டும். மடக்கி மடக்கி, தெருவில் நடக்கும்போதும் ஏதோ நிலைக்குள் நுழைகிறவர் போலவே நடப்பார். இந்த ஆளுக்கு எப்படி "அரை" என்ற பெயர் வந்தது என்று குடிவந்த புதிதில் எனக்குப் புரியவில்லை. மீன்கார அக்காதான் சொன்னார். தெருவுக்குப் பின்னால் மூடிக்கிடக்கிற ஆலைக்குள் ஒரு காலத்தில் ஒரு சின்ன ரயில் ஓடியதாம். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இரண்டே அடி. சாம்பலையும் இரும்புக் கழிவையும் கால்வாய்க் கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிற ரயில். அதற்கு இவர்தான் டிரைவர். பெரிய ரயில் ஓட்டுகிறவர்கள் நாலு பேர் தெருவில் இருந்தார்கள். பாதி அகலம்கூட இல்லாத தண்டவாளத்தில் ஓட்டுகிறவன் அரை டிரைவர்தான் என்று அவர்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். சொந்தப் பெயர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது.

ஆலையை மூடினார்கள். பழைய இரும்புக்காரனின் லாரி வந்து தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனது. அடுத்த வாரமே இவர் தன் கட்டிலைப் பிரித்து வெளியே போட்டுவிட்டு, ஹாலில் இரண்டு பழைய கதவுகளைப் படுக்கவைத்து, அதன்மேல் அந்த ரயிலைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தார். அதற்கப்புறம் படுக்கை அந்தக் கதவுகளுக்கு அடியில். காலையில் எழுந்திருக்கும்போதெல்லாம் தலையால் ஊரை ஒருமுறை குலுக்கிவிட்டுத்தான் வெளியே வருவார்.

அளவு, ஒரு அடிக்குக் கால் அங்குலம். குடைக்கம்பிதான் தண்டவாளம். உடைந்த பொம்மைக் காரின் மோட்டார்தான் எஞ்சின். ரயில் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. தெரு முழுவதும் வந்து பார்த்தது. ஆனால் அவர் அசரவில்லை. "ரயிலு கெடக்குதும்மா. அது எந்தெந்த வூட்டு முதுகுப்பக்கம் பூந்து போச்சோ, அதைக் கட்டினாத்தான் அது ரயிலு. இல்லாங்காட்டி பொம்மை" என்றார்.

அந்தக் கட்டடங்களுக்குத்தான் மருந்தட்டை, அதாவது மருந்து வருகிற பெட்டியின் அட்டை. முதலில் கைக்குக் கிடைக்கிறதே என்று எடுத்திருக்கிறார். பிறகு அதற்கு ஒரு ஞானமே வந்துவிட்டது. சர்க்கரை மாத்திரை அட்டை முறுக்காக நிற்கும், மாடி வீட்டுக்கு ஆகும். இருமல் மருந்து அட்டை தொளதொளவென்று வளையும், ஓட்டு வீட்டுக்குத்தான் லாயக்கு. மாத்திரைப் பட்டையின் வெள்ளித் தகட்டைச் சீப்பின் மேல் வைத்து நகத்தால் தேய்த்தால் அசல் தகரக் கூரை. சிரப்பு மூடி மொட்டைமாடித் தண்ணீர் டேங்க். ஊசி போட்டு முடித்த சிரிஞ்சுக்குச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தால் எண்ணூர் அனல்மின் நிலையப் புகைபோக்கி. பார்க்க வந்த ஒரு குழந்தை, புகை எங்கே என்று கேட்டது. "அதை நாம கட்டத் தேவையில்ல கண்ணு, அதுவா வந்து குந்தும்" என்றார். உண்மைதான். ரெண்டு நாள் துடைக்காமல் விட்டால் கூரைகள் எல்லாம் எங்கள் தெருக் கூரைகளின் நிறத்துக்கே வந்துவிடும்.

போகப் போக ஒரு சட்டமும் போட்டுக்கொண்டார். எந்த வீட்டைக் கட்டினாலும் அந்த வீட்டு மருந்தட்டையில்தான் கட்டுவார். பக்கத்து வீட்டு அட்டை ஒரு துண்டு கலக்கக்கூடாது. நோயாளி அதிகம் உள்ள வீடுகள் சீக்கிரம் எழும்பின. மூன்று கிழவர்கள் இருந்த மூலை வீடு ஒரே மாதத்தில் மொட்டைமாடி வரை வந்துவிட்டது. ஆரோக்கியமான வீடுகள் அஸ்திவாரத்திலேயே கிடந்தன. அந்த வீட்டுக்காரர்களுக்கு அது ஒரு குறையாகவே இருந்தது.

மெக்கானிக் அண்ணன் கதை இப்படித்தான் வெளியே வந்தது. அவர் வீட்டுச் சுவர் பாதியில் நின்றுபோனது. அவர் மனைவியைத் தெருவில் பார்த்த டிரைவர், "இன்னாம்மா, உன் வூட்டுக்காரன் மாத்திரைய நிறுத்திட்டானா? ரெண்டு மாசமா செவுரு ஏறலியே" என்று கேட்டுவிட்டார். சாயங்காலம் அந்த வீட்டில் நடந்தது தெரு முழுவதும் கேட்டது. மறுநாள் முதல் அண்ணன் ஒழுங்காக மாத்திரை போட்டுக்கொண்டார். சுவரும் ஏறியது.

பொய் மட்டும் கட்ட மாட்டார். மீன்கார அக்கா வீட்டில் கன்டெய்னர் லாரி உரசி ஒரு விரிசல். பொம்மை வீட்டிலும் அதே இடத்தில் அதே விரிசல். ஊருக்கெல்லாம் என் மானத்தை வாங்குகிறாயே என்று அக்கா சண்டைக்கு வந்தார்.

"யோவ், அந்த விரிசலை எடுத்துடுய்யா."

"நீ அங்க எடு, நான் இங்க எடுக்கறேன்."

"உன் கைக்கு இனிமே ஒரு வாய் கஞ்சி ஊத்த மாட்டேன், பாத்துக்கோ."

அன்று மத்தியானமே சங்கரா மீன் குழம்பு கீழ்த்தளத்துக்கு வந்தது. விரிசல் இரண்டு இடத்திலும் அப்படியே இருந்தது.

இத்தனை பொம்மை வீட்டுக்கும் நடுவில் ஒரு காலி மனை இருந்தது. அது எங்கள் வீடு. அவர் தலைக்கு மேலேயே இருக்கிற வீடு. அவர் கீழ்த்தளத்தைக் கட்டி முடித்துத் தனியாக எடுத்து வைத்திருந்தார். அத்தனையும் அவர் அட்டை. ஆலைச் சாம்பல் அவர் நெஞ்சுக்குள்ளும் கொஞ்சம் தங்கியிருந்தது. மேல்தளத்துக்கு நான் ஒரு அட்டையும் கொடுக்கவில்லை.

காரணத்தை இங்கே எழுதலாமா என்று நிறைய யோசித்தேன். என் மகளுக்கு வீசிங். இரண்டு வயதில் ஆரம்பித்தது. மணலி ஆலைகளின் பக்கமிருந்து காற்று அடிக்கும் நாட்களில் அதிகம். நான் ஜன்னல்களை எல்லாம் மூடி, இடுக்குகளில் பழுப்பு டேப் ஒட்டிவிட்டேன். புளியந்தோப்பில் இருக்கும் என் மாமியார், பெண் பிள்ளைக்கு மூச்சிரைப்பு என்று வெளியே தெரியக்கூடாது என்று சொல்லியிருந்தார். தவறு என்று எனக்குத் தெரியும். படித்தவள்தான். ஆனாலும் மருந்து அட்டைகளைக் கிழித்துப் பையில் போட்டு, பஸ் ஸ்டாப் குப்பைத்தொட்டி வரை நடந்துபோய்ப் போட்டுவிட்டு வருவேன். யாராவது பார்த்தால் காய்கறி வாங்கப் போவது போல ஒரு நடை.

அரை டிரைவர் ஒரே ஒரு முறை கேட்டார். படிக்கட்டில் நிறுத்தி, அட்டையின் எழுத்து வெளியே தெரியுமே என்று கூச்சப்பட வேண்டாம் என்றார். "அட்டையைத் திருப்பித்தான் மடிப்பேன்மா. எழுத்து உள்பக்கம் போயிடும். உன் வூட்டு நோவு உன் வூட்டுக்குள்ளயே கெடக்கும்." எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை அங்கிள் என்று சொன்னேன். நல்லது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை. மனை காலியாகவே கிடந்தது.

என் மகளுக்கு டாக்டர், தினசரி ஒரு இன்ஹேலரும், இரைப்பு வந்தால் கொடுக்க ஒரு நீல இன்ஹேலரும், அவற்றைப் பொருத்தி இழுக்க ஒரு குழாயும் எழுதிக் கொடுத்திருந்தார். மாமியார் அது பழகிவிடும், அப்புறம் விடவே விடாது என்றார். நான் இரண்டு பக்கமும் யோசித்து, இரண்டும் கெட்டானாக ஒரு முடிவெடுத்தேன். நீல இன்ஹேலரை மட்டும் வாங்கி, பிரிக்காமல் பீரோவில் வைத்தேன். குழாயை வாங்கவே இல்லை. மருந்தை ஆவியாக்கி முகமூடியில் விடுகிற நெபுலைசர் மெஷின் இருக்கிறதே, அது போதும் என்று இருந்தேன். அது கரண்டில் ஓடுகிற மெஷின் என்பது எனக்குத் தெரியாததா?

போன வருடம், ஒரு மத்தியானம். கணவர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஷிப்டில் இருந்தார். மகளுக்குக் காலையிலிருந்தே இரைப்பு. நெபுலைசரைப் போட்டு முகமூடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிஷம் ஓடியிருக்கும், கரண்ட் போய்விட்டது. போனில் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன, வரத் தாமதமாகும் என்றார்கள். மகளின் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்துக்கொண்டது. உதட்டு நிறம் மாறியது. நான் செய்தது என்ன தெரியுமா? அழுக்குத் துணியை எடுத்து மடித்து வைத்தேன். கை ஏதாவது செய்ய வேண்டும் என்று தவித்தது.

கதவைத் தட்டினார் அரை டிரைவர். ஒரு மாடி ஏறியதில் அவருக்கே மூச்சு வாங்கியது. நிலையில் தலையை இடித்துக்கொண்டார், அதைக் கவனிக்கவில்லை.

"மோட்டாரு நின்னுடுச்சே. புள்ளைக்கு முடியலியா?"

அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் விழித்தேன்.

"ரெண்டு வருசமா என் தலைக்கு மேல ஓடிகினு கீது. மோட்டாரு சத்தம் எனக்குத் தெரியாதா? பம்பு கீதா வூட்ல?"

பீரோவிலிருந்து நீல இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தேன். பிரிக்காத அட்டையைப் பார்த்தார். குழாய் எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மேஜை மேல் இருந்த அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்தார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் பிளேடை எடுத்தார். இன்ஹேலரின் வாயைப் பாட்டிலின் அடியில் வைத்து நகத்தால் ஒரு கோடு. பிறகு அறுப்பு. அவர் கை நடுங்கும். டீ கிளாஸைப் பிடித்தால் பாதி தரையில்தான் இருக்கும். அன்று நடுங்கவில்லை. கால் அங்குலக் கணக்கில் ஜன்னல் அறுத்துப் பழகிய கை. இன்ஹேலர் உள்ளே போய் டக்கென்று உட்கார்ந்தது, காற்று கசிய ஒரு மயிரிழை இடம் இல்லாமல்.

பாட்டிலின் வாயை மகளின் உதடுகளுக்குள் வைத்து, ஒரு அழுத்து. "கண்ணு, ரயிலு மாதிரி இழு. மெதுவா. கூட்ஸ் வண்டி. அவசரமே இல்ல." ஆறு மூச்சு எண்ணினார். மறுபடி ஒரு அழுத்து. மறுபடி ஆறு. அவரும் கூடவே மூச்சு விட்டார், விசில் சத்தத்தோடு. எது யாருடைய விசில் என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு விசில் குறைந்தது. அது மகளுடையது.

ஆம்புலன்ஸ் வந்தபோது அவள் அவர் மடியில் சாய்ந்து, ரயில் தாத்தா நெற்றியில் ரத்தம் என்று என்னிடம் புகார் சொன்னாள். ஆஸ்பத்திரியில் அந்தப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்த டாக்டரம்மா, இதை அறுத்தது யார் என்று கேட்டார். "எங்கள் கீழ்வீட்டு டிரைவர்" என்றேன். அரை என்று சொல்ல வரவில்லை.

அன்றே தினசரி இன்ஹேலரையும் குழாயையும் வாங்கினேன். அன்று முதல் இரண்டு இன்ஹேலரும் மேஜை மேலேயே இருக்கின்றன. மாமியாரிடம் போனில் சொல்லிவிட்டேன். பிறகு அந்த நீல இன்ஹேலரின் காலி அட்டையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். இரண்டு வருட அட்டைகளை வீசிவிட்டேன், இந்த ஒன்றில் ஒரு சுவர்கூட வராதே அங்கிள் என்றேன். அவர் அதை வாங்கி, வளைத்து, முகர்ந்து பார்த்தார். "நல்ல அட்டை. இனிமே வர்றதையும் குடு. அவசரம் இன்னா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவோடு வந்து எங்கள் வீட்டை அளந்தார். ஜன்னல்களை அளந்தபோது டேப் ஒட்டிய பழுப்புப் பட்டைகளையும் சேர்த்து அளந்து குறித்துக்கொண்டார். அதையுமா கட்டுவீர்கள் என்று கேட்டேன்; கூச்சமாக இருந்தது. "மூடிகினு கீற ஜன்னலை மூடித்தான்மா கட்டணும்" என்றார்.

மழை மாதத்தில் அவருக்கு முடியாமல் போனது. நான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பேன். ஹாலில் எங்கள் வீட்டின் மேல் ஒரு துணி போர்த்தியிருந்தது. கட்டி முடிக்காமல் காட்ட மாட்டாராம். ஒரு காலையில் கீழே இருமல் சத்தம் கேட்கவில்லை. கேட்கவில்லையே, நன்றாகத் தூங்குகிறார் என்று நினைத்து நிம்மதியாகச் சமைத்தேன். அவர் என் மோட்டார் சத்தம் நின்றதும் ஏறி வந்தார். நான் அவர் சத்தம் நின்றதும் குக்கர் வைத்தேன். இதை நான் எத்தனை முறை யோசித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

மத்தியானம்தான் கதவை உடைத்தார்கள். ரயில் கட்டிய அந்தக் கதவுகளுக்கு அடியில், தன் படுக்கையில், கால்கள் மட்டும் வெளியே நீண்டிருக்க, போயிருந்தார்.

ராயபுரத்திலிருந்து அவர் தங்கை மகன் வந்தார். காரியங்கள் முடிந்ததும், வீட்டைக் காலி செய்ய வேண்டும், இந்தப் பொம்மைகளை என்ன செய்வது என்று தயங்கினார். யாரும் கூப்பிடாமல் தெரு வந்தது. அவரவர் வீட்டை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். மெக்கானிக் அண்ணன் தன் வீட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடந்தார். மீன்கார அக்காவிடம், ஓரத்தில் கொஞ்சம் கீறலாக இருக்கிறது, ஒட்டித் தரட்டுமா என்று அந்தத் தம்பி கேட்டார். "கை வெச்சே, தொலைச்சுடுவேன். அது என் விரிசலு" என்றார் அக்கா. சொல்லும்போதே முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். கடைசியில் அந்தக் கதவுகளின் மேல் குடைக்கம்பித் தண்டவாளம் மட்டும், எதன் முதுகுப்பக்கமும் போகாமல், சுற்றிக் கிடந்தது.

நான் துணியை விலக்கினேன். எங்கள் வீடு முடிந்திருந்தது. தகரத் தடுப்பு, கொடிக்கயிறு, மாடிப்படியில் உடைந்த மூன்றாவது படி, ஜன்னல் இடுக்குகளில் பழுப்புப் பட்டை, எல்லாம் அளவு பிசகாமல் இருந்தன. எங்கும் எழுத்து தெரியவில்லை.

இப்போது அது என் மகளின் இன்ஹேலர்களுக்குப் பக்கத்தில், மேஜை மேல் இருக்கிறது. நிஜ ஜன்னல்கள் இன்னும் மூடித்தான் இருக்கின்றன. மணலிக் காற்று மாறவில்லை. பொம்மை வீட்டைத் தினமும் ஈரத்துணியால் துடைக்கிறேன். துடைக்கும்போது கடல் பக்கத்து ஜன்னல் ஒன்றில் மட்டும் கை படாமல் பார்த்துக்கொள்கிறேன். வாழ்நாளில் ஒரு பொய்யும் கட்டாத மனிதர், என் மகள் படுக்கிற அறையின் அந்த ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.