ஜமால் பாய் போட்ட மேடு

"மொதல்ல ஆன் பண்ணிப் பாத்துருங்களேன் பாய்" என்றான் ஷேர் ஆட்டோ தர்மராஜ், பழைய கம்ப்யூட்டர் பெட்டியைக் கூடத்தில் இறக்கிவைத்துவிட்டு.

ஜமால் முகமதுக்குச் சுருக்கென்றது. "காலு ஒடிஞ்சவன டாக்டரு நடக்கச் சொல்லியா பாப்பாரு?"

"இல்ல பாய், டீச்சரு..."

"ஓடலன்னுதானே மணிமொழி டீச்சர் சொன்னாங்க? இருவது வருசப் பழசு. ஹார்ட் டிஸ்க்ல தலை ஒட்டிக்கிட்டிருக்கும். இப்பக் கரண்டக் குடுத்தா பிஞ்சுரும். டீச்சர் மவன் போட்டோவெல்லாம் அதுலதானே இருக்கு? அம்பேல்!"

தர்மராஜ் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் ஜமால் பாயை எதிர்த்துப் பேச லெப்பைக்குடிக்காட்டில் ஆள் கிடையாது.

பினாங்கில் ஒரு டிஸ்க் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் அவர் பார்த்தது ஒரே வேலை. ஹார்ட் டிஸ்கின் தட்டு கண்ணாடியைவிட வழுவழுப்பு. அதைப் படிக்கிற தலை கடுகளவுதான். ஓடும்போது தட்டைத் தொடாமல் மிதக்கும். நிறுத்தினால் தட்டிலேயே இறங்கி உட்காரும். வழுவழுப்பில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொண்டு எழுந்திருக்காது. அதற்காகத் தட்டின் உள்வட்டத்தில் லேசரால் பொடிப்பொடியாக மேடு போடுவார்கள். அந்த லேசர் மெஷினில் தட்டை வைத்து எடுத்தவர் ஜமால் பாய். கோடிக்கணக்கான மேடுகள், ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

ஊரில் இதையெல்லாம் கேட்க ஆள் ஏது? மனைவி சாகிரா, மகள் ருமைசாவின் பிரசவத்துக்கென்று ஷார்ஜா போனவள். "மூணே மாசம்" என்றாள். பிறந்த குழந்தை இப்போது நடக்கிறது. ஜமால் பாய் டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

போன மாதம்தான் அதிசயம் நடந்தது. திடீரென்று தெருவே அவர் வீட்டுக்கு வந்தது. ஒருத்தர் மிக்சி கொண்டுவந்தார், இன்னொருத்தர் அயர்ன் பாக்ஸ், சுவர்க் கடிகாரம், டார்ச் லைட். முக்கால்வாசி முன்னைவிட மோசமாகித்தான் திரும்பிப் போயின. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்து, டீ குடித்து, பினாங்குக் கதை கேட்டுவிட்டுப் போனார்கள். கல்யாணமான வருஷத்துக்குப் பிறகு அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அதனால்தான் பயம். டீச்சரின் போட்டோக்கள் போய்விட்டால் விஷயம் ஊர் முழுக்கப் பரவும். அப்புறம் இந்த வாசற்படியை யார் மிதிப்பார்கள்?

ஒட்டியதை இளக்கச் சூடு வேண்டும். டிஸ்கைக் கழற்றி மொட்டைமாடி வெயிலில் வைத்தார். மதியம் ளுஹர் தொழுதுவிட்டு வந்து எடுத்தால் தோசைக்கல்லாய்ச் சுட்டது. "யா அல்லா!" என்று கையை உதறினார். டிஸ்க் சிமெண்டுத் தரையில் போய் விழுந்தது.

காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். காலையில் சத்தமே இல்லாதது இப்போது கடகடவென்றது.

இனி மூடியைத் திறந்தாக வேண்டும். கம்பெனியில் அந்த அறைக்குள் ஒரு தூசி நுழைந்தால் சூப்பர்வைசர் கொலை விழுந்ததுபோல் கத்துவான். இங்கே சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோடு. ஜமால் பாய் குளியலறைச் சுவரெல்லாம் தண்ணீர் அடித்துத் தூசியை அடக்கினார். பினாங்கிலிருந்து கொண்டுவந்த வெள்ளை அங்கியைத் தலைமுதல் கால்வரை மாட்டி, மாஸ்க்கும் போட்டுக்கொண்டார்.

பால் ஊற்ற வந்த வளர்மதி அந்தக் கோலத்தைப் பார்த்ததும் சொம்பை வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். "பாய், கொரோனா மறுபடி வந்துருச்சா?"

"ஆபரேஷன்மா! மூச்சு வுடாதீங்க!"

அவள் மூச்சை அடக்கிக்கொண்டே தெருமுனைவரை ஓடினாள்.

குளியலறையில் திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினார். தட்டு பளபளத்தது. இது தன் மெஷினில் போன தட்டாகக்கூட இருக்கலாம் என்று தோன்றியது. பூதக்கண்ணாடி வைத்து மேடுகளைத் தேடினார். ஒன்றும் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷ உழைப்பு எங்கே போயிற்றென்று அவருக்கே தெரியவில்லை. அவர் முகம்தான் அதில் தெரிந்தது, தாடி நரைத்து, தனியாக.

தலையைப் பார்த்தார். அது ஒட்டவே இல்லை. உள்வட்டத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"அப்ப ஏன் ஓடல?" என்று குனிந்தார். மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை தட்டின்மேல் விழுந்தது. பதறிப்போய் அங்கி நுனியால் துடைத்தார். கரகரவென்று ஒரு கீறல் வட்டமாக ஓடியது. துணியை இழுத்தார். கடுகளவுத் தலை துணியோடு வந்துவிட்டது.

சாயங்காலம் சாகிரா வீடியோ காலில் வந்தாள்.

"சாப்ட்டீங்களா? இன்னிக்கு யாரு வந்தா?"

"டீச்சர் கம்ப்யூட்டர் வந்துச்சு. சின்ன வேலைதான், முடிஞ்சிருச்சு."

"நல்லா செஞ்சு குடுங்க" என்று சிரித்தாள். போன் அணைந்ததும் வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது. ஜமால் பாய் அங்கியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். உலகத்தில் எத்தனையோ தலைகளுக்கு ஒட்டாமல் உட்கார இடம் போட்டுக் கொடுத்தவருக்கு, ஒட்டி உட்கார ஒரு ஆள் இல்லை.

மறுநாள் காலை தர்மராஜ் வந்தான். "டீச்சரு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. ஒண்ணும் அவசரமில்லயாம்."

ஜமால் பாய் ஒரு கிண்ணத்தை நீட்டினார். அதில் ஹார்ட் டிஸ்க் ஐந்து துண்டாகக் கிடந்தது.

"எனக்கு ரிப்பேரே தெரியாது தர்மராஜ். தட்ட எடுத்து மெஷின்ல வைப்பேன், எடுப்பேன், அவ்வளவுதான். பெருமைக்கு எல்லார்கிட்டயும் ரிப்பேருக்கு வாங்கிவச்சேன். டீச்சர் புள்ளையோட போட்டோவ அழிச்சுட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனிமே யாரையும் ஒண்ணும் கொண்டாற வேணாம்னு சொல்லிரு. நான் இப்புடியே கெடந்துக்கறேன்."

"ஐய, போட்டோவெல்லாம் டீச்சர் மவன் எப்பவோ காப்பி எடுத்துக்கிட்டான். அழாதீங்க பாய்."

"எனக்காகப் பொய் சொல்லாத. ஓடாத மிசினக் குடுத்துட்டு எப்புடிக் காப்பி எடுத்தான்?"

தர்மராஜ் வாசலைப் பார்த்தான், கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"அது நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு பாய்... 'அவரு தனியா உக்காந்திருக்காரு, ரிப்பேரானது எதாச்சும் இருந்தாக் கொண்டுபோய்க் குடுங்க'ன்னு சாகிராக்கா வூடு வூடா போன் போட்டுக் கெஞ்சுறாங்க, தெருவுல ரிப்பேரானதெல்லாம் போன வாரத்தோட தீந்துபோச்சு!"