சாவடியில மாட்டின பூட்டு

அன்னிக்கு எனக்கு ஒரே ஒரு வேலை. கடைக் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கணும்.

பாகூர்ல சின்னதா ஜவுளிக் கடை வச்சிருந்தேன். நாலு வருஷமா பூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டதில்ல. காலைல சாவி உள்ளயே முறிஞ்சுது. கல்லால அடிச்சு ஒடைச்சேன்.

என் சம்சாரம் வள்ளி கடைக்குக் காவலா உக்காந்தா.

"மத்தியானம் வில்லியனூர்ல என் தங்கச்சிக்கு வளைகாப்பு. நீங்க பூட்டோட வந்தாத்தான் நான் கெளம்ப முடியும். வழில யார்கிட்டயும் வாய் குடுக்காதீங்க!"

"தோ, வந்துட்டேன்!"ன்னு சைக்கிளை எடுத்தேன்.

பாண்டில அருமையான சீமைப் பூட்டு கெடச்சுது. பாதித் தேங்கா பருமன்! அதோட திரும்பியிருக்கலாம். எனக்குன்னு ஒரு மூளை இருக்கே, அது சும்மா இருக்கல.

அப்ப பாண்டியும் எங்க ஊரும் பிரெஞ்சுக்காரன் கையில; நடுவுல கொஞ்ச தூரம் இங்கிலீஷ்காரன் எல்லை. சாவடில நிறுத்தி, புதுச் சாமானுக்குச் சுங்கம் கேப்பாங்க.

புதுசுக்குத்தானே? பூட்டி வச்சா பழசு!

சாவடிக்குக் கொஞ்சம் முன்னாடியே எறங்கினேன். சைக்கிள் சங்கிலிய பின் சக்கரத்துல சுத்தி, பூட்டைப் போட்டேன். சாவி ரெண்டும் பளபளன்னு மின்னுது. காட்டிக் குடுத்துடுமே!

அந்த நேரம் பாத்து எங்க ஊர் ஜட்கா முத்து வந்தான்.

"அண்ணி வரச் சொன்னாங்க. அவங்களத்தான் ஏத்தப் போறேன்"னான்.

"இந்தச் சாவிய அவகிட்ட குடுத்துடு!"

முத்து போயிட்டான். நான் சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கினு சாவடிக்கு நடந்தேன்.

சாவடி சிப்பாய் என்னை ஏற எறங்கப் பாத்தாரு.

"ஏம்பா, அதுமேல நீ போவாம, அத்த ஏன் தூக்கிக்கினு வர்ற?"

"பூட்டியிருக்குதுங்க. என் பழைய பூட்டு."

"தொறயேன்."

"சாவி வூட்ல கீதுங்க."

"சாவிய வூட்ல வச்சிட்டு, இங்க எப்டிப்பா பூட்டுன? யாரு சைக்கிள் இது?"

ஐயோ! சுங்கத்துக்குப் பயந்து திருடன் ஆயிட்டேனே! அங்கயே குந்த வச்சிட்டாரு. போறவன் வர்றவன்லாம் வேடிக்கை பாத்தான். வெயில் ஏற ஏற வள்ளி மொகந்தான் கண்ணு முன்னாடி நின்னுது.

ஒரு வழியா முத்து அதே சாவியோட திரும்பி வந்தான்.

"அண்ணே, சாவி வந்துடுச்சாம். பூட்டு எங்கன்னு அண்ணி கேக்கறாங்க. மொகம் சரியில்ல."

சாவிய வாங்கித் தொறந்தேன். வேற வழியில்லாம சிப்பாய்கிட்ட உண்மையக் கக்கினேன். அவர் வயித்தப் புடிச்சிக்கினு சிரிச்சாரு.

"அட கூறு கெட்டவனே! ஒத்தப் பூட்டுக்கு எவன்யா சுங்கம் கேட்டான்? மூட்டையா கொண்டாந்தாத்தான்!"

மிதிச்ச மிதியில கடைக்கு வந்து விழுந்தேன். வள்ளி பூட்டைப் புடுங்கினா, கதவச் சாத்தினா, பூட்டினா, சாவிய இடுப்புல சொருகிக்கினு பின்னாலயே வந்து நின்ன முத்து ஜட்காவுல ஏறினா.

"நானு?"

"நீங்க சைக்கிளைத் தூக்கிக்கினு வாங்க!"

கடைசி வளையல் போடறப்பதான் போய்ச் சேந்தாளாம். அங்க எல்லாருக்கும் என் கதையச் சொல்லி, தங்கச்சியச் சிரிக்க வச்சே சமாதானம் பண்ணிட்டா.

பூட்டு நல்ல பூட்டுங்க. இன்னிவரைக்கும் அதுக்கு ஒரு கெட்ட பேரு கெடையாது. மொத்தமும் எனக்குத்தான்.