பண்டோங் குடித்த அம்புக்குறி

எங்கள் அம்புக்குறியைப் போல ஒரு ரோஷக்காரன் திருச்சியில் பிறந்ததில்லை, இனிமேல் பிறக்கப்போவதும் இல்லை. வாயைத் திறந்து யாரிடமும் எதையும் கேட்கமாட்டான். வழி கேட்பது, மணி கேட்பது, பந்தியில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்பது எல்லாமே அவனுக்கு மானக்கேடு. எங்காவது ஓர் அம்புக்குறி தெரிந்தால் போதும், அது காட்டும் பக்கம் விறுவிறுவென்று நடப்பான். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கமாட்டான். அந்தப் பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். ஒருமுறை கல்யாண மண்டபத்தில் சாப்பிடக் கிளம்பியவனை ஜெனரேட்டர் அறையிலிருந்து மீட்டு வந்தோம்.

பிளஸ் டூ முடிந்த லீவில் அவனும் நானும் பாபுவும் கோலாலம்பூர் போனோம். பிரிக்ஃபீல்ட்ஸில் என் சித்தப்பா வீட்டில் ஜாகை. பத்துமலைக்குப் போக ஸ்டேஷனுக்கு வந்தபோது, யாரையாவது கேட்கலாமே என்றேன். அம்புக்குறி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படியிறங்கினான். வந்து நின்ற ரயிலில் ஏறினோம். பெட்டி முழுக்க ரோஸ் நிறம். எங்களைத் தவிர ஆண்பிள்ளையே இல்லை.

"தம்பி, இது லேடீஸ் கோச் லா. இவ்ளோ பிங்க்கா இருக்கே, பாக்கலையா?" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த ஆன்டி, மலேசியாக்காரர்களுக்கே உரிய 'லா'வோடு.

அடுத்த பெட்டிக்கு ஓடினோம். மானம் போனால் போகட்டும், முருகனையாவது பார்க்கலாம் என்றிருந்தால், வந்து சேர்ந்த இடம் கிள்ளான். பத்துமலை நேர் எதிர்த் திசையில் இருந்தது.

பசியோடு அந்த ஊர் லிட்டில் இந்தியாவில் நுழைந்த முதல் சாப்பாட்டுக் கடையில் அவள் இருந்தாள். எங்கள் வயதுதான். பள்ளிக்கூடம் முடித்த கையோடு மாமா கடையில் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தாள். அம்புக்குறியைப் பார்த்து, "குடிக்க என்னாண்ணே?" என்றாள். அண்ணே என்றதும் நானும் பாபுவும் மனதுக்குள் அவனுக்கு அஞ்சலி செலுத்திவிட்டோம். அடுத்த மேசைத் தாத்தாவையும் ஐஸ் கட்டி இறக்க வந்தவரையும் அவள் அண்ணே என்றே கூப்பிட்ட பிறகுதான் அவன் முகத்துக்கு உயிர் வந்தது.

என்ன இருக்கிறது என்று கேட்கவேண்டியதுதானே? பக்கத்து மேசை கிளாஸைச் சுட்டிக்காட்டினான். வந்தது பண்டோங். ரோஸ் சிரப்பில் பால் ஊற்றி ஐஸ் போட்டது, நம் ரோஸ் மில்க்குக்குத் தங்கை முறை. அம்புக்குறிக்கு ரோஸ் மில்க் வாடையே ஆகாது. சின்ன வயதில் ஒரு ரிசப்ஷனில் அதைக் குடித்துவிட்டு மாப்பிள்ளையின் கோட்டு மேலேயே... சரி, அதை விடுங்கள். அன்றைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தான். அவள் சிரித்தாள். பயல் காலி.

அதற்கப்புறம் இரட்டைக் கோபுரமும் இல்லை, பத்துமலையும் இல்லை. தினமும் கிள்ளான். ஊருக்குத் திரும்புவதற்குள் அவள் பெயர் தெரிந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றான். கேளேன்டா என்றோம். அதுதான் அவனுக்கு வராதே. நாங்கள் கேட்டுச் சொல்கிறோம் என்றால் அடிக்க வந்தான். போவான், கேட்பதற்கு வாயைத் திறப்பான், அவள் பண்டோங்கை வைத்துவிட்டுப் போவாள், திறந்த வாயில் அதை ஊற்றிக்கொள்வான். திரும்பும் ரயிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவான். ஓமத்தண்ணீர் காய்ச்சிக் காய்ச்சி என் சித்திக்கு அலுத்துவிட்டது.

கடைசி நாள். சாயங்காலம் விமானம். பெட்டிகளோடு கடையில் போய் உட்கார்ந்தோம். அவள் கிளாஸைக் கொண்டுவந்து வைத்தாள். பண்டோங் இல்லை. நுரை ததும்பும் சூடான தே தாரிக், அந்த ஊர் ஆற்றிய டீ.

"பண்டோங் உங்களுக்கு ஆகாதுன்னு மொத நாளே தெரியும்ணே. மூஞ்சியப் பாத்தா தெரியாதா? வேற ஏதாச்சும் கேப்பீங்கன்னு தெனம் பாத்தேன். கேக்கவே மாட்டேங்கிறீங்க லா."

அம்புக்குறிக்குக் காது சிவந்துவிட்டது. டீயைத் தொடாமல் எழுந்து நின்றான். பாபு என் தொடையைக் கிள்ளினான்.

"உங்க... பேரு என்ன?"

அவள் மாமா இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, எட்டி அவன் காதில் சொன்னாள். பின்னால் ஓடிய மிக்ஸி சத்தத்தில் எங்களுக்கு ஓர் எழுத்துகூடக் கேட்கவில்லை.

விமானத்தில் கெஞ்சினோம், மிரட்டினோம், பிரியாணி வாங்கித் தருவதாகச் சொன்னோம். இன்றுவரை சொல்லவில்லை. இப்போதும் அவன் வழி கேட்பதில்லை. போன மாதம் ஸ்ரீரங்கம் போகிறேன் என்று கிளம்பி, சமயபுரத்திலிருந்து போன் செய்தான். போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். வண்டியில் வரும்போது அந்தப் பெயரை மறுபடி கேட்கலாமா என்று நினைத்தேன், கேட்கவில்லை. பாவம், பிறந்ததிலிருந்து அவன் வாய்விட்டுக் கேட்டு வாங்கியது அது ஒன்றுதான். அவனே வைத்துக்கொள்ளட்டும்.