பூனை மண்ணில் ஒரு போன்

மேஜைமேல் வைத்த போன் படியவில்லை. விரலால் தொட்டால் ஒரு பக்கமாக ஆடியது. கறுப்புக் கவரின் முதுகு புடைத்திருந்தது. சார்ஜரிலிருந்து அப்போதுதான் எடுத்ததால் சூடு வேறு.

சேஷாத்ரி இரண்டடி பின்னால் நகர்ந்தான். லித்தியம் பேட்டரி வீங்கினால் அழுத்தாதே, குத்தாதே, சார்ஜ் போடாதே, மணலில் வை என்று எத்தனை வீடியோ பார்த்திருக்கிறான்! இன்றைக்குப் பார்த்தா வீங்க வேண்டும்? வேலை போய் மாதக்கணக்காகிறது. கடைசியாக இன்டர்வியூ எடுத்த கம்பெனி இன்று காலை கூப்பிட்டு முடிவு சொல்வதாக இருந்தது. மனைவி கல்யாணியோ ஆஸ்பத்திரி டியூட்டியில் இருந்தாள்.

சிட்னியில், நார்த்மீட் அபார்ட்மென்டில் மணலுக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு ரதியின் கதவைத் தட்டினான்.

"அக்கா, கொஞ்சம் மணல் இருக்குமா? போன் வெடிக்கப் போகுது!"

"ஐயோ! மணல் இல்லை தம்பி. பூனை வெளிக்குப் போற தட்டில போடுற மண் கிடக்கு, வேணுமோ?"

"எதுவானாலும் குடுங்க!"

வாளியில் பூனை மண்ணைக் கொட்டி, இடுக்கியால் போனைப் பிடித்து இறக்கி, மூடி, பால்கனியில் கொண்டுபோய் வைத்தான்.

மண்ணுக்குள் மணி அடித்தது.

"எடுங்கோவன் தம்பி!" என்று பின்னாலேயே வந்த ரதி கத்தினாள்.

"கை வச்சா வெடிச்சிடும்க்கா!"

மரக்கரண்டியால் மண்ணை விலக்கித் திரையைத் தேய்த்தான். அசையவில்லை. ரப்பர் கையுறை மாட்டித் தேய்த்தான். அதற்கும் மசியவில்லை. மணி நின்றுபோய் மறுபடி அடித்தபோது, வருவது வரட்டும் என்று வெறும் விரலை நீட்டினான். அவசரத்தில் அது அழைப்பைத் துண்டிக்கும் சிவப்புப் பட்டனில் பட்டுத் தொலைத்தது.

அதன்பிறகு அடிக்கவே இல்லை. நம்பர் மறைத்த அழைப்பு. திருப்பிக் கூப்பிடவும் வழியில்லை.

"போச்சுக்கா. எல்லாம் போச்சு."

உயிராவது மிஞ்சட்டும் என்று வாளிக்கு சீட் பெல்ட் போட்டு, ஜூலைக் குளிரில் கார்க் கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டு, பல் தந்தியடிக்க பிளாக்டவுனுக்கு ஓட்டினான்.

அங்கே பேட்டரி மாற்றும் கடை வைத்திருந்த இந்திரகுமார் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "தள்ளி நில்லுங்கோ அண்ணை" என்று கவரை மெல்லக் கழற்றினான். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரொம்ப வீங்கிடுச்சா?" என்று கதவோரத்திலிருந்து கேட்டான் சேஷாத்ரி.

"பற்றறிக்கு ஒண்டும் இல்லை அண்ணை. உங்களுக்கு நல்ல காலம் வரட்டுமெண்டு வீட்டில ஆரோ கவருக்குள்ள செருகி வச்சிருக்கினம், ஹெலன்ஸ்பர்க் கோயில் குங்குமப் பொட்டலம்."