பார்வையாளர் கேள்வி: ஒன்று

படிவத்தில் நிரப்பாமல் விட்ட கட்டத்தைக் கண்டால் எனக்குப் பயம். தாலுகா அலுவலக ஆவண அறையில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தணிக்கைக்காரரின் கண் முதலில் விழுவதே வெற்றுக் கட்டத்தில்தான். இந்தப் பயத்தால் என் மகள் ஜெசியின் முனைவர் பட்டத்துக்கே உலை வைக்கப் பார்த்தேன்.

பொது வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். (விதிமுறையை அவளைவிட நான் நன்றாகப் படித்திருந்தேன்.) அன்று காலை எங்கள் ஊர் புதுக்கடையில் நானும் மனைவியும் அவளோடு பஸ் ஏறும்போதே, "யப்பா, அங்க வந்து வாயத் தொறக்கப்பிடாது, கேட்டியளா?" என்றாள். தலையாட்டினேன்.

ஐந்து வருட உழைப்பை அழகாகத்தான் சொன்னாள். சில புரதங்கள் டி.என்.ஏ. இழையை இறுக்கிச் சுருட்டுமாம். அங்கே உள்ள மரபணுவை செல்லால் படிக்க முடியாது. அழிப்பதில்லை, வாயடைப்பதுதான். அப்படிச் சுருட்டியவற்றில் பலவும் உட்கருவின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். எங்கள் ஆவண அறையேதான் என்று எனக்குப் புல்லரித்தது.

பிறகு, பார்வையாளர்கள் கேட்கலாம் என்றார்கள். ஒருவரும் அசையவில்லை. கூட்டக் குறிப்பில் பார்வையாளர் கேள்விக்கான கட்டம் வெறுமையாகக் கிடக்கும், நாளை எவனாவது ஆட்சேபம் எழுப்புவான், பட்டம் செல்லாது என்பான்... என் கை தானாக உயர்ந்தது.

"செல்லு ரெண்டாப் பிரியும்போ பழைய கட்டு அவுந்து போவுமே. எத மூடி வைக்கணும்னு புதுச் செல்லுக்கு உத்தரவு எப்படிப் போவும்?"

வெளியூர்த் தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அருமையான கேள்வி என்றார். ஜெசியின் முகம் வெளுத்தது. இழை சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் அடையாளம் இருக்கும், அவை இரண்டு பிரதிகளுக்கும் பங்காகும், அதைப் பார்த்துப் பக்கத்திலும் அடையாளம் போடப்படும் என்றாள். நீங்கள் ஆய்வு செய்த செல்களில் அதைக் காட்டினீர்களா என்று தேர்வாளர் கேட்டார். இல்லை என்றாள். அவ்வளவுதான். அரைமணி நேரம் விடவில்லை மனிதர். அவர் எழுதிய ஒவ்வொரு வரியும் நிராகரிப்பு உத்தரவாகவே எனக்குத் தெரிந்தது. கேட்ட கேள்வியைத் திரும்பப் பெற விதி உண்டா என்று யோசித்தேன். கிடையாது.

கதவை மூடிக்கொண்டு தேர்வாளர்கள் ஆலோசித்தபோது, வராந்தாவில் என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "பிள்ளைக்குப் பட்டம் கிட்டலேன்னா நீங்க வீட்டுக்கு வராண்டாம். முட்டம் கடற்கரைப் பாறையில போய் இருந்துக்கிடுங்க."

பட்டம் கிடைத்தது. (அந்தச் சோதனையையும் செய்து பார்க்கலாம் என்ற அறிவுரையோடு.) ஜெசி என்னோடு பேச ஒன்பது நாளாயிற்று.

மறுவருஷம் அவள் கல்யாணம். ஆலயத்தில் போதகர், இத்திருமணத்துக்குத் தடை அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்று முறைப்படி கேட்டு நிறுத்தினார். பெண் வீட்டார் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தலையில் போட்ட வலைத்துணி முக்காட்டுக்குள்ளிருந்து ஜெசியும்.

இன்றும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மனைவி என்னைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வாள். போதகர் தடை கேட்கும் இடம் வரும்போது என் கையை இறுகப் பிடித்துக்கொள்வாள். இந்த வயதிலும் என்ன அன்பு என்று பின்வரிசையில் நினைக்கிறார்கள்.