சாத்தான் சபையும் தொங்கல் காம்பிராவும்

உலக சினிமாவுக்குத் திகில் கற்றுக்கொடுக்கும் பெரும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்று வெகுகாலம் தயங்கிய விதி, கடைசியில் அதைக் கண்டியில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த தியாகராஜாவிடம் ஒப்படைத்தது. தாலி கட்டும் நேரத்து மாப்பிள்ளை முகங்களை மிக அருகில் வைத்துப் படம்பிடித்தவர் என்பதால், திகில் அவருக்குப் புதிதல்ல.

படத்தின் பெயர் 'கறுப்புச் சபையின் கடைசிப் பலி'. மலைக்காட்டில் ஒளிந்திருந்து சாத்தானை வணங்கும் கூட்டமொன்று, ஒரு பெண்ணைப் பிடித்துவந்து பலி கொடுக்கப் பார்ப்பதுதான் கதை. "தமிழின் முதலாவது முழுநீளச் சாத்தானியக் காவியம்" என்று தியாகராஜா அறிவித்தார். அதை மறுக்க யாரும் முன்வரவில்லை. போட்டிக்கும் வரவில்லை.

சபைத் தலைவராக வில்பிரட் நடித்தார். அம்பிட்டிய தேவாலயத்தில் பாடுகிறவர். கூரை அதிரும் குரல். ஒரேயொரு குறை, ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"வில்பிரட் அண்ணே, சாத்தானக் கூப்பிடப் போறவர் சிலுவை போடலாமா?"

"கூப்பிட்டு அவர் வந்துட்டார்னா என்ன தம்பி செய்யிறது? ஒரு பாதுகாப்புக்குத்தான்."

சாத்தானை அழைக்கும் மந்திரத்தை இயக்குநரே இயற்றினார். கம்பளைக்குப் போகும் பஸ் நிற்கும் ஊர்ப் பெயர்களைப் பின்னாலிருந்து வாசித்தால் பயங்கரமாக ஒலிக்கும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. "யாஓலிகெ! னைதராபே!" என்று வில்பிரட் முழங்கினார். குடைத்துணியில் தைத்த கறுப்பு அங்கிகளோடு சபை அவரைச் சுற்றி ஆடியது. இரத்தம் மட்டும் சர்பத். உண்மையான இரத்தம் குடித்தவை தெல்தோட்டைக் காட்டு அட்டைகள்தாம். அவற்றின் பெயர்கள் படத்தில் போடப்படவில்லை.

சபையின் இரகசியக் குகைக்காக "மாவட்டம் மாவட்டமாக அலைந்து" தான் ஓர் இடத்தைக் கண்டுபிடித்ததாகத் தியாகராஜா தன் குழுவினரிடம் சொன்னார். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் பழைய லயம். அதன் கடைசியில், தொங்கல் காம்பிரா என்று சொல்லும் கோடி அறை. புகையேறிக் கறுத்த சுவர், வெடித்த தரை, கம்பி கம்பியாக வெளிச்சம் இறங்கும் ஓட்டைத் தகரக் கூரை. இயக்குநர் பிறந்தது அந்தக் காம்பிராவில்தான் என்பதும், அங்கே குடியிருந்த ராக்கம்மா அவருடைய தாயின் கூடப்பிறந்த தங்கை என்பதும் கலைக்கு அவசியமற்ற தகவல்கள். ஆகவே அவர் சொல்லவில்லை.

"சின்னம்மா, ஆளுங்க முன்னால ராசான்னு கூப்பிடாதீங்க. சார்னு சொல்லுங்க."

"சரிங்க சார். சோறு தின்னியா ராசா?"

பலியாகும் பெண்ணாக நடிக்கக் கண்டியிலிருந்து சீதா என்ற நடிகை வந்தாள். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். "பேய்க்குப் பயமில்ல சார். அந்தச் சுவருக்குத்தான் பயம்" என்று சொல்லிவிட்டு, வந்த ஓட்டோவிலேயே திரும்பிப் போனாள். அதனால் காவியத்தின் கதாநாயகியாக ராக்கம்மா நியமனம் பெற்றாள். மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்தவளை அப்படியே தூணில் கட்டினார்கள்.

"பயப்படுங்க!" என்று கத்தினார் இயக்குநர்.

"எதுக்கு?"

"உங்களக் கொல்ல வந்திருக்காங்க!"

"யாரு, வில்பிரட் தம்பியா? பாவம், அது நனைஞ்சி போய் நிக்கிது. அவுத்து விடுங்க, தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறேன்."

எத்தனை தரம் எடுத்தும் ராக்கம்மாவுக்குப் பயம் வரவில்லை. அப்போது மழை இறங்கியது. ஒரு காற்று அடித்தது. தகரம் ஒரு முனையில் கிளம்பிப் படாரென்று விழுந்தது. ராக்கம்மா அண்ணாந்து பார்த்தாள். அந்த முகத்தைக் கமெரா பிடித்துக்கொண்டது.

"அற்புதம்! இதுதான் நடிப்பு!" என்று இயக்குநர் துள்ளினார். துள்ளிய பிறகு அவருடைய கண்ணும் ஒருமுறை கூரைக்குப் போய்த் திரும்பியது. சின்ன வயதில் அந்தத் தகரத்துக்குக் கீழேதான் அவரும் தூங்காமல் கிடந்திருக்கிறார். நல்ல கலைஞன் ஆகையால் உடனே அதை மறந்தார்.

வெளியீட்டு விழா கண்டியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மலையக வீடமைப்பில் தீராத அக்கறை கொண்ட கௌரவ அரசியல்வாதி ஒருவர் பிரதம அதிதி. படம் ஓடியது. வில்பிரட் மந்திரம் முழங்கியதும், பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "பேராதனை இறங்குற ஆக்கள் முன்னுக்கு வாங்க!" என்றது. அதன் பிறகு சாத்தானால் தலைதூக்க முடியவில்லை. சாத்தான் சபை அலறினால் பார்த்தவர்கள் சிரித்தார்கள், ஆடினால் விசிலடித்தார்கள். தியாகராஜா இருட்டில் வியர்த்துக்கொண்டிருந்தார். வாங்கிய கமெரா, விட்ட கல்யாணங்கள், ஊரில் எடுத்த பெயர், எல்லாம் அந்தச் சிரிப்பில் போய்க்கொண்டிருந்தன.

தகரம் கிளம்பி, ராக்கம்மா அண்ணாந்து பார்க்கும் காட்சி வந்தது. மண்டபம் சட்டென்று அடங்கியது.

படம் முடிந்ததும் பிரதம அதிதி மைக்கைப் பிடித்தார். "எனக்குச் சாத்தானப் பார்த்துப் பயம் வரல்ல. அந்தக் குகையப் பார்த்துத்தான் உடம்பு நடுங்கிச்சு. மனுசர் இருக்க முடியாத ஒரு இடத்த எவ்வளவு தத்ரூபமாக் கட்டியிருக்கிறார்! இப்படிப்பட்ட செட்ட யாரும் பிரிச்சிடக் கூடாது. பாதுகாக்கணும்."

தியாகராஜாவின் தோளில் பொன்னாடை விழுந்தது. கைதட்டல் எழுந்தது. மூழ்கிக்கொண்டிருந்தவர் மூச்சு விட்டார். "நிறைய ஆராய்ச்சி செய்துதான் கட்டினோம், ஐயா" என்றார்.

முன் வரிசையில் ராக்கம்மா எழுந்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஐயா கவலப்படாதீங்க. அத யாரும் பிரிக்க மாட்டாங்க. பிரிச்சிப் புது வீடு கட்டித் தாறேன்னு போன எலக்சனுக்கு நீங்களே வாசல்ல நின்னு சொன்னீங்க. அப்பவே யாரும் பிரிக்கல்ல."

சபைத் தலைவரால் கொண்டுவர முடியாத திகில் ஒருவழியாக மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. அது முதலில் இறங்கியது, மேடையில் மாலையோடு நின்ற பிரதம அதிதியின் முகத்தில். அவர் தியாகராஜாவைப் பார்த்தார். எல்லோரும் தியாகராஜாவைப் பார்த்தார்கள். ராக்கம்மாவும் பார்த்தாள்.

நெருக்கடியில்தான் ஒரு கலைஞனின் உயரம் தெரியும். தியாகராஜா பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, சிரித்தபடி மைக்கை நெருங்கினார்.

"இவங்கதான் நம்ம கதாநாயகி. பாருங்க, என்ன ஈடுபாடு! இன்னும் அந்தப் பாத்திரத்த விட்டு வெளிய வரல்ல."

மண்டபம் நிம்மதியோடு கைதட்டியது. பிரதம அதிதி எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினார். அது ஓயும் வரைக்கும் ராக்கம்மா நின்றுகொண்டேயிருந்தாள். பிறகு, அதட்டாமல், சோறு தின்றாயா என்று கேட்கும் அதே குரலில் கேட்டாள்:

"வெளிய வந்தா, நான் எங்க ராசா போய் இருக்கிறது?"